அந்தக் காலச் சத்து எங்கே போயிற்று?



"அந்தக் காலத்துல ஒரு உருண்டை களி தின்னா பொழுது சாயற வரைக்கும் பசி தாங்கும். இப்போ மூணு வேளை தின்னாலும் உடம்புல ஒட்டலையே. உரத்தைப் போட்டுப் போட்டு மண்ணும் செத்துப்போச்சு, தானியத்துல இருந்த சத்தும் செத்துப்போச்சு." குடியாத்தத்திலிருந்து வாணியம்பாடி வரைக்கும் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பெரியவர்கள் சொல்வார்கள், படித்த பிள்ளைகளும் அதையே சொல்வார்கள். அப்படிச் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஊர்ப்பேச்சு என்பதை இன்றைக்குக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

பேச்சோடு போனால் நானும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இதை நம்பிக் காரியத்தில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்களே! ஆம்பூர் பக்கத்தில் ஒரு கூட்டத்தில், ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு அம்மா எழுந்து, "கீரை வாங்கறதையே விட்டுட்டோம் சார். இப்ப வர்ற கீரையில ஒண்ணுமே இல்லையாமே. அதுக்குப் பதிலா மாசம் ஒரு டப்பா சத்துமாவு வாங்கிடறோம்" என்றார்கள். ஒரு டப்பா மாவு விலைக்கு எத்தனை கட்டுக் கீரை வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே கூட்டத்தில் இருந்த ஒரு விவசாயி, குட்டை ரகத்தில் சத்து இல்லை என்று கேள்விப்பட்டு, இருந்த ஒன்றரை ஏக்கர் முழுவதிலும் உயரமான பழைய ரகத்தை நட்டவர். வழக்கம்போல் யூரியாவும் போட்டிருக்கிறார். கதிர் முற்றும் நேரத்தில் மழை வந்தது, பயிர் மொத்தமும் படுத்துவிட்டது. ஆகவே இது டீக்கடைப் பேச்சோடு நிற்கிற விஷயமல்ல.

முதலில் ஒரு புத்தகக் கதை சொல்கிறேன். ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அது நம் குன்னூரில் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958-ம் ஆண்டு ஹைதராபாத்துக்குப் போனது. நம் நாட்டு உணவுகளில் எதில் எவ்வளவு சத்து என்று அந்த நிறுவனம் ஒரு புத்தகம் போட்டது. டாக்டர் கோபாலனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1971-ல் கொண்டுவந்த அந்தப் பட்டியலைத்தான் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எங்கள் இலாகா எல்லாரும் வெகுகாலம் கையில் வைத்திருந்தோம். அதில் 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் 3.1 மில்லிகிராம் இரும்புச்சத்து என்று இருந்தது. முளைக்கீரையில் 25.5 மில்லிகிராம். பின்னால் அதே புத்தகத்தைத் திருத்திப் போட்டபோது அரிசிக்கு 0.7, முளைக்கீரைக்கு 3.49 என்று அச்சாயிற்று.

பழைய புத்தகத்தையும் புதிய புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன் என்ன சொல்வான்? "பாருங்கய்யா, கீரையில இருந்த இரும்பு ஏழுல ஒரு பங்கா போயிடுச்சு. எல்லாம் யூரியா பண்ற வேலை" என்பான். யூரியா செய்த வேலையல்ல அது. இரும்பை அளக்கிற முறை மாறியது. கீரையிலும் தானியத்திலும் ஒட்டியிருக்கும் மண், தூசி, அரைக்கிற யந்திரத்தின் இரும்புத்துகள் எல்லாம் சேர்ந்து பழைய கணக்கில் ஏறிவிடும். மண்ணில்தான் இரும்புக்குப் பஞ்சமே கிடையாதே, நம் செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் வந்ததே இரும்பால்தான். சுத்தம் செய்து, திருந்திய முறையில் அளந்தபோது உண்மையான கணக்கு வெளியில் வந்தது. கீரை எப்போதும் போலத்தான் இருந்தது, தராசுதான் மாறியது.

2017-ம் ஆண்டு அதே நிறுவனம் நாட்டை ஆறு மண்டலமாகப் பிரித்து, 528 உணவுப் பொருள்களை வாங்கி, முழுவதும் புதிதாக அளந்து இன்னொரு பட்டியல் வெளியிட்டது. அதில் சில பொருளில் சில சத்து குறைந்து தெரிகிறது, சிலதில் கூடித் தெரிகிறது. நம் கேழ்வரகை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகத்தில் 100 கிராமுக்குச் சுண்ணாம்புச்சத்து 344 மில்லிகிராம், புதிய புத்தகத்தில் 364. மண் செத்துப்போனது உண்மையானால் இது மட்டும் எப்படிக் கூடும்? உடனே கேழ்வரகில் சத்து ஏறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ரகத்துக்கு ரகம், வயலுக்கு வயல், பருவத்துக்குப் பருவம் இருபது முப்பது மில்லிகிராம் முன்னே பின்னே இருக்கும். அது இயல்பு.

வெளிநாட்டிலும் இதே சண்டை நடந்தது. 2004-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் டேவிஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும், 43 காய்கறி பழங்களுக்கு 1950-ம் ஆண்டுப் பட்டியலையும் 1999-ம் ஆண்டுப் பட்டியலையும் ஒப்பிட்டு, புரதம், சுண்ணாம்பு, இரும்பு உள்ளிட்ட ஆறு சத்துகள் குறைந்திருப்பதாக எழுதினார்கள். 2017-ல் கனடாவைச் சேர்ந்த ராபின் மார்ல்ஸ் என்ற அறிஞர், இந்த வித்தியாசங்கள் பெரும்பாலும் இயற்கையாகவே இருக்கும் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்குகின்றன, அளவு முறையும் மாதிரி எடுத்த விதமும் வேறு வேறு என்று பதில் எழுதினார். பழைய பட்டியலை வைத்துப் புதிய பயிருக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதுதான் என் கட்சியும்.

அப்படியானால் எல்லாம் கட்டுக்கதையா என்று கேட்பீர்கள். இல்லை. இங்கேதான் விஷயம் கொஞ்சம் ஆழம்.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு கோதுமை வயல் உண்டு. 1843-லிருந்து அந்த ஒரே வயலில் பரிசோதனை நடக்கிறது. ஒரு பாத்திக்குத் தொழுஉரம் மட்டும், ஒரு பாத்திக்கு ரசாயன உரம், இன்னொன்றுக்கு எதுவுமே இல்லை. அறுத்த தானியத்தில் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டார்கள். 160 வருஷத்துத் தானியம்! அதைத் திறந்து ஒரே முறையில் அளந்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். 1960-களின் நடுப்பகுதி வரை துத்தநாகம், இரும்பு, தாமிரம், மக்னீசியம் ஏறக்குறைய ஒரே அளவு. அந்த வயலுக்கு 1968-ல் குட்டைக் கோதுமை வந்தது. அதற்குப் பிறகு இவை குறைகின்றன. மண்ணை அளந்தால் மண்ணில் குறையவில்லை. அதைவிட முக்கியம், தொழுஉரம் மட்டும் போட்ட பாத்தியிலும் குறைந்திருக்கிறது, எதுவும் போடாத பாத்தியிலும் குறைந்திருக்கிறது. அப்படியென்றால் குற்றவாளி உரமூட்டை அல்ல. பயிர் வைக்கோலுக்குப் போடுவதைக் குறைத்து மணிக்குப் போடுகிறது. மணி கூடும்போது, வேர் உறிஞ்சிய தாதுச்சத்து அத்தனை மணிக்கும் பங்காகிறது. ஐந்து பேருக்குக் கரைத்த மோரை எட்டுப் பேருக்கு ஊற்றுகிற மாதிரிதான்.

நம் நாட்டிலும் வங்காளத்தில், பிதான் சந்திர வேளாண் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1960-களில் வந்த நெல் ரகங்களையும் அதற்குப் பின் வந்தவற்றையும் தொட்டியில் ஒன்றாக வளர்த்துப் பார்த்து, 2021-ல் முடிவைச் சொன்னார்கள். 1960-களின் ரகங்களில் கிலோவுக்கு 27.1 மில்லிகிராம் துத்தநாகம், 2000-க்குப் பின் வந்த ரகங்களில் 20.6. இரும்பு 59.8-லிருந்து 43.1. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. ஒரே பரிசோதனை, ஒரே அளவு முறை. ஆகவே இந்தக் குறைவை நான் நம்புகிறேன். ஆனால் இந்த எண்ணைக் கொண்டுபோய் ஹைதராபாத் புத்தகத்து எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அங்கே தீட்டாத அரிசிக்கே கிலோவுக்கு 10 மில்லிகிராம் இரும்புதான் போட்டிருக்கிறார்கள். ஆய்வுக்கூடம் மாறினால், தானியத்தைச் சுத்தம் செய்த விதம் மாறினால், எண்கள் இப்படித்தான் ஆளுக்கொன்று பேசும்.

'ஏக்கருக்கு மூட்டை கூடுதே, மொத்தச் சத்தும் கூடுகிறதே' என்று எங்கள் இலாகாவில் சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அந்தப் பதில் எனக்குப் பிடிப்பதில்லை. ஜனங்கள் ஏக்கர் கணக்கில் சாப்பிடுவதில்லை, தட்டுக் கணக்கில்தான் சாப்பிடுகிறார்கள். தீட்டாத அரிசியாக ஒருவர் நாளைக்கு 400 கிராம் சாப்பிட்டால், அந்த வங்காளக் கணக்குப்படி முன்பு 10.8 மில்லிகிராம் துத்தநாகம், இப்போது 8.2. இரண்டரை மில்லிகிராம் குறைகிறது. சோறு மட்டுமே சாப்பிடுகிற வீட்டுக்கு அது நஷ்டம்தான்.

இப்போது ரைஸ் மில்லுக்கு வாருங்கள். 2017-ம் ஆண்டுப் பட்டியலில் தீட்டாத அரிசியில் 100 கிராமுக்கு இரும்பு 1.02, துத்தநாகம் 1.68. தீட்டிய பச்சரிசியில் இரும்பு 0.65, துத்தநாகம் 1.21. விதை ஆராய்ச்சிக்காரர்கள் நாற்பது வருஷத்தில் குறைத்த அளவை, மில்லில் பாலீஷ் போடுகிறவர் ஒரு மணி நேரத்தில் குறைத்துவிடுகிறார். நாமும் 'இன்னும் வெள்ளையா வரட்டும்' என்று நின்று பார்த்துச் சொல்லிவிட்டு வருகிறோம். தவிடு மாட்டுக்குப் போகிறது. மாடு நன்றாக இருக்கிறது. வீட்டுத் தேவைக்கு நெல் அரைக்கும்போது 'ஒரே பாலீஷ் போதும்' என்று சொல்லுங்கள். புழுங்க வைத்து அரைப்பது இன்னும் நல்லது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது மேல்தோலில் இருக்கும் பி வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தக் காலத்துச் சென்னை ராஜதானியில், பச்சரிசியைத் தீட்டித் தின்ற வடசர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி என்ற நோய் வந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட நம் பக்கம் அது அவ்வளவாகத் தலைகாட்டவில்லை.

அந்தக் காலம் என்றதும் ஞாபகம் வருகிறது. குன்னூர் ஆய்வுக்கூடத்தில் 1920-களில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் ஒரு சோதனை செய்தார். பஞ்சாபில் சீக்கியர்கள் சாப்பிடுவது, சென்னைப் பக்கத்து ஏழைகள் சாப்பிடுவது என்று ஒவ்வொரு பிரதேசத்துச் சாப்பாட்டையும் எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் தின்ற எலி கொழுகொழு என்று வளர்ந்தது. நம் சென்னைச் சாப்பாட்டை, அதாவது தீட்டிய அரிசியும் கொஞ்சம் குழம்பும் தின்ற எலி எல்லாவற்றுக்கும் கடைசியில் நின்றது. அப்போது யூரியா ஏது? குட்டை ரகம் ஏது? மண் நன்றாகத்தான் இருந்தது, தட்டுதான் சரியில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், இதே மெக்காரிசன் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் இருந்த விஸ்வநாத்துடன் சேர்ந்து 1926-ல் இன்னொன்றும் எழுதினார். தொழுஉரம் போட்ட நிலத்துத் தானியம் சத்தில் மேலானது என்பது அதன் சாரம். 1909-ல் கோவையில் தொடங்கிய நிரந்தர எருப் பரிசோதனை வயலில் விளைந்த தானியத்தை வைத்துச் செய்த ஆராய்ச்சி அது. ஆகையால் எருவின் பெருமையை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். மண்ணின் பொறைக்கும் ஈரத்துக்கும் எரு வேண்டும், வேண்டும், வேண்டும். ஆனால் பழைய தட்டு நிறைந்த தட்டாக இருந்தது என்பது மட்டும் நடப்பல்ல. மாலைக்கண் வந்து கண் போன குழந்தைகளைப் பார்த்துத்தான் 1970-ல் மத்திய அரசு வைட்டமின் ஏ சொட்டு மருந்துத் திட்டத்தையே கொண்டுவந்தது.

நம் வட ஆற்காடு ஜில்லாவுக்கே ஒரு சாட்சியம் இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் ஒரே ஜில்லாவாக இருந்த காலம். 1973-74-ல் இந்த ஜில்லாக் கிராமங்களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் வீடு வீடாகக் கணக்கெடுத்தன. பத்து வருஷம் கழித்து அதே கிராமங்களில் மறுபடியும் எடுத்தார்கள். பீட்டர் ஹேசலும், நம் கோவைப் பல்கலைக்கழகத்து ராமசாமியும் 1991-ல் அதைப் புத்தகமாகப் போட்டார்கள். புதிய நெல் ரகங்களால் பெரிய விவசாயிதான் பிழைத்தான், கூலிக்காரன் கெட்டான் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தார்கள். கணக்கு வேறு மாதிரி வந்தது. சிறு விவசாயிக்கும் நிலமில்லாத கூலி வீட்டுக்கும் வருமானம் நன்றாகவே கூடியிருந்தது, சாப்பாட்டு அளவும் கூடியிருந்தது. அரைவயிறு சாப்பிட்ட வீடு முக்கால் வயிறாவது சாப்பிட்டது. சத்துக் குறைந்த அரிசி என்று நாம் இன்று குறைப்படும் அந்த நெல்தான் அதைச் செய்தது.

சரி, அப்படியென்றால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று ஏன் வந்தது? தட்டைப் பாருங்கள். நம் பக்கத்தில் முன்பு காலையில் கூழ், மத்தியானம் களி, ராத்திரிக்கு ஏதோ ஒரு பிடி சோறு. இன்று காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரியும் சோறு. 100 கிராம் கேழ்வரகில் 4.62 மில்லிகிராம் இரும்பு, கம்பில் 6.42. தீட்டிய அரிசியில் 0.65. கேழ்வரகுக்கும் அரிசிக்கும் நடுவில் ஏழு மடங்கு. பழைய நெல்லுக்கும் புது நெல்லுக்கும் நடுவில் கால் பங்கு. எந்த வித்தியாசத்தைப் பார்த்து நாம் பயப்பட வேண்டும்? மூன்று வேளைச் சோற்றில் ஒரு வேளையைக் கேழ்வரகாக மாற்றினால், கால் பங்கு நஷ்டம் போய் அதற்கு மேலும் வந்துவிடும். கூழைப் புளிக்க வைத்துக் குடித்தார்களே நம் பாட்டிமார்கள், அதுவும் காரணத்தோடுதான். தானியத்தின் மேல்தோலில் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருள் இருக்கிறது. புளிக்க வைத்தால், முளைகட்டினால் அதன் பிடி தளரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது இதற்கு நேர் எதிர், உள்ளே போன இரும்பை உடம்பில் சேரவிடாது. கம்பெனிக்குப் போகிற பெண்கள் டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மல்லாட்டையை முழுக்க மில்லுக்கு ஏற்றாமல் வீட்டுக்கு ஒரு மூட்டை நிறுத்துங்கள். ஒரு பிடி, அதாவது 50 கிராம் கடலையில் ஒன்றரை மில்லிகிராம் துத்தநாகம் இருக்கிறது. கீரையை நிறுத்திய அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன். 25 என்று இருந்த கணக்கு தப்பாக இருக்கலாம், மூன்றரை என்பது உண்மைக் கணக்கு. அதுவே அதே எடை அரிசியைவிட ஐந்து மடங்கு.

இனி நம் பாலாற்றுக்கரைச் சங்கதி. 'தோல் ஷாப் தண்ணி பாஞ்ச மண்ணுல விளைஞ்சதுல சத்து ஏதுங்க' என்று கேட்கிறீர்கள். இந்த வேதனை ஊர்ப்பேச்சல்ல. 1996 ஆகஸ்டு 28-ம் தேதி உச்ச நீதிமன்றமே வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் இரண்டைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உப்பு ஏறிய நிலத்தில் முதலில் அடிபடுவது மகசூல். உப்போடு களரும் சேர்ந்தால் துத்தநாகம் மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. நெல் நட்ட மூன்று நாலு வாரத்தில் இலை துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி விழுந்து, பயிர் குட்டையாக நின்றால் இதுதான் என்று சந்தேகப்படுங்கள். தோல் பதனிடும் குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், மணிக்கு ஏறுவது சொற்பம். கீரையின் கதை வேறு. அதன் இலையைத்தான் நாம் தின்கிறோம், அழுக்குத் தண்ணீரும் சேறும் இலையிலேயே படிகிறது. கழிவு ஓடும் ஓடைத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்குத் திருப்பாதீர்கள். எரு சும்மா கிடைக்கிறதே என்று தோல் ஷாப் கழிவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வயலில் கொட்டாதீர்கள்.

துத்தநாகக் குறை பாலாற்றங்கரைக்கு மட்டும் வந்ததல்ல. தமிழ்நாட்டு மண் மாதிரிகளில் பாதிக்கு மேல் இது குறைவு. மண்ணை ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். குறை இருந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து, கடைசிச் சேற்று உழவுக்குப் பிறகு, நடவுக்கு முன்னால் சீராகத் தூவுங்கள். களர் நிலமானால் 15 கிலோ. டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் இவற்றோடு சேர்த்துக் கலக்கக் கூடாது, மணிச்சத்து அதைக் கட்டிப்போட்டுவிடும். நின்ற பயிரில் குறை தெரிந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்துச் சாயங்கால வேளையில் தெளியுங்கள். மணி பால் பிடிக்கும் நேரத்தில் துத்தநாகம் தெளித்தால் அரிசியிலேயே அதன் அளவு கூடுகிறது என்று பல நாட்டுப் பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வைக்கும் நெல்லுக்காவது செய்து பாருங்கள். ரகத்தால் வந்த குறையை ரகத்தாலேயே சரிக்கட்டும் வேலையும் நடக்கிறது. ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.ஆர்.ஆர். தான் 45 என்ற ரகம் தமிழ்நாட்டுக்கும் சிபாரிசு செய்யப்பட்டது. தீட்டிய அரிசியிலேயே கிலோவுக்கு 22.6 மில்லிகிராம் துத்தநாகம், மற்ற ரகங்களில் 12 முதல் 16 வரைதான். கம்பில் தனசக்தி என்ற ரகம் கூடுதல் இரும்புக்கென்றே வந்தது.

ஆற்காடு கிச்சிலி சம்பா போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடுங்கள். ருசியான அரிசி, ஊர்ப் பெயர் சொல்லும் நெல். நம் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ருசிக்காக, ஊர்ப்பெருமைக்காக. பிரியாணிக்குப் பக்கத்தில் அந்தக் கத்தரிக்காய் இருக்கிற அழகே தனி! அந்த மாதிரி விலை கொடுத்து வாங்க ஆள் இருந்தால் பழைய ரகம் லாபம்தான். ஆனால் முதல் வருஷம் கால் ஏக்கர், அரை ஏக்கரில் ஆரம்பியுங்கள். தழைச்சத்தைக் குறைத்துப் போடுங்கள், உயரமான ரகம் யூரியா தாங்காது, சாய்ந்துவிடும். அறுப்புக்கு முன்பே வாங்குகிறவரிடம் பேசி வையுங்கள். அதைப் பட்டை தீட்டி வெள்ளையாக்கி விட்டால் சத்துக்காக நட்டேன் என்று சொல்வதில் பொருளில்லை. மீதி நிலத்தில், கிணறு வற்றுகிற பருவத்தில், நெல்லோடு மல்லுக்கட்டாமல் கேழ்வரகு போடுங்கள். உப்பை ஓரளவு தாங்கும், தண்ணீரும் குறைவாகக் கேட்கும்.

மண் மாதிரி எடுக்கும்போது வரப்போரம், எருக்குப்பை கிடந்த இடம், மரத்தடி இவற்றை விட்டுவிட்டு, வயலில் பத்து இடத்தில் 'வி' போலக் குழி வெட்டி, மேலிருந்து ஒரு சாண் ஆழம் வரை சுரண்டிச் சேர்த்து, நிழலில் உலர்த்தி அரைக்கிலோ கொண்டுவாருங்கள். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு சுத்தமான பாட்டிலில் கொண்டுவந்தால் உப்பு எவ்வளவு என்று சேர்த்தே பார்த்துவிடலாம்.